பின் சீட்டிலிருந்து ஒரு சிக்னல்

என் பேத்தி லைசென்ஸ் எடுத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் மலாக்காவின் ஆயர் குரோ டோலில் ஏறி, ஹைவேயில் தனியாகக் கோலாலம்பூர் போய்வரப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வீட்டில் ஒரே அமளி. புது டிரைவருக்கு ஹைவே எதற்கு, ஒரு வருஷம் டவுனுக்குள் ஓட்டட்டும் என்கிறான் என் மகன். மருமகள் அழாத குறை. கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எதற்கெடுத்தாலும் கருத்துச் சொல்கிற ஆள் நான். அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. இந்த விஷயத்தில் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷம் அது. மலாக்கா டவுனை ஒட்டிய காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு டவுனில் ஓர் ஆபீசில் கிராணி வேலை, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. என் மனைவி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஆனால் தற்காலிக ஆசிரியை. பயிற்சி இல்லாதவர்களை இனி வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சிக்கு ஆள் எடுக்கும் நேர்காணல் வருஷத்துக்கு ஒரு தடவை சிரம்பானில் நடக்கும். முந்திய வருஷம் அதற்குப் போகும்போது, "டாக்சி வச்சிக்கலாமா?" என்று கேட்டாள். பஸ் இருக்கும்போது டாக்சி எதற்கு, பஸ் என்றால் நேரத்துக்குப் போய்விடும் என்று அடித்துச் சொன்னவன் நான்தான். அந்த பஸ் அலோர் காஜாவைத் தாண்டியதும் நடு ரோட்டில் படுத்துவிட்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது பெயர் கூப்பிட்டு முடித்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

வயது வரம்புப்படி அவளுக்கு இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி. அதுவும் போனால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவளுக்கோ பிள்ளைகளுக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுப்பதைத் தவிர வேறு சந்தோஷம் கிடையாது. அன்று திரும்பி வந்தவள் அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாள் காலை பசியாற உட்கார்ந்தபோது கோப்பியை என் முன்னால் வைத்துவிட்டு, "நான் கார் ஓட்டக் கத்துக்கப் போறேங்க" என்றாள்.

கார் இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன பழைய நாலு கதவுக் கார். வாங்கியது நான் ஓட்டுவதற்காக. லைசென்ஸ்தான் எனக்குக் கிடைத்தபாடில்லை. முதல் தடவை டெஸ்டில் ஒரு திரிஷாக்காரர் தன் சைக்கிள் ரிக்‌ஷாவோடு குறுக்கே வந்தார். காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் அவரிடம் நியாயம் கேட்டேன். சோதனை அதிகாரி காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாம் தடவை அந்த அதிகாரியிடமே நியாயம் கேட்டேன். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். ரோட்டில் இறங்கினால் அது இன்னும் ஒரு முழம் நீளும். நடு ரோட்டில் படுத்துக்கொண்டு ஹாரன் அடித்தால் ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பார்க்கும் நாய்கள், மூன்று பேராகச் சேர்ந்து கல்யாணக் கதை பேசிக்கொண்டே போகும் சைக்கிள்காரர்கள், மூத்திரச் சந்து அகலமே உள்ள தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு மீனுக்கு விலை பேசுகிறவர்கள். காஜா பெராங் ரோட்டில் ஒரு வாத்துக் கூட்டம் இருந்தது. நான் சைக்கிளில் ஆபீசுக்குக் கிளம்பும் நேரம் அவற்றுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சரியாக அப்போதுதான் ரோட்டைக் கடக்கும்.

எதிர்வீட்டுக்காரர் டாக்சி ஓட்டுபவர். மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ் வம்சம். வெள்ளிக்கிழமை தவறாமல் நெற்றி நிறையத் திருநீறு பூசுவார், ஆனால் பேச்சு முழுக்க மலாய்தான். எங்கள் இருவருக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவரே. என் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் "சபார், சபார்" என்பார். பொறுமை, பொறுமை. என் மனைவியிடம் அந்த வார்த்தையை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார்.

அவள் முதல் தடவையிலேயே பாஸ். நேர்காணலுக்குச் சரியாகப் பதினொரு நாள் இருந்தது.

அதில் எனக்கும் பங்கு உண்டு என்று அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். போக்குவரத்து விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தினமும் மாலையில் அவளிடம் கேள்வி கேட்டது நான். அந்தக் காலத்தில் சிக்னல் எல்லாம் பெரும்பாலும் கையால்தான். எங்கள் காரில் பக்கவாட்டில் நிமிரும் ஒரு சிக்னல் கம்பி இருந்தது, நினைத்தால் நிமிரும், இல்லாவிட்டால் தூங்கும். ஆகவே டிரைவர் வலது பக்க ஜன்னல் வழியாகக் கையை நீட்ட வேண்டும். நேராக நீட்டினால் வலப்பக்கம் திரும்புகிறேன். மேலும் கீழும் மெதுவாக அசைத்தால் வேகத்தைக் குறைக்கிறேன். பின்னாலிருந்து முன்னால் வீசினால், எதிரே ரோடு காலி, நீ என்னைத் தாண்டிப் போகலாம். எனக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

ஆனாலும் சிரம்பானுக்கு அவளே ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்திலிருக்கும் கிளேபாங் கடற்கரைக்கு ஓட்டு, புக்கிட் ரம்பாய்க்கு ஓட்டு, யார் வேண்டாம் என்றது. பெரிய ரோடு வேறு சங்கதி. ஐம்பது மைல், இருபக்கமும் ரப்பர் தோட்டம், வளைவுக்கு வளைவு மரம் ஏற்றிய லாரி.

"பதினோரு நாள் லைசென்ஸை வச்சிக்கிட்டு பெரிய ரோட்டுல ஓட்டுறதா? புது டிரைவருக்கு அது சரிப்படாது. நான் எதிர்வீட்டுக்காரர்கிட்ட டாக்சி கேக்குறேன்" என்றேன்.

"போன வருஷம் டாக்சி கேட்டேன், பஸ்ஸுன்னீங்க. இந்த வருஷம் கார் இருக்கு, டாக்சிங்குறீங்க" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க வரணும்னா வாங்க. வராட்டிப் போனாலும் நான் ஆறு மணிக்குக் கிளம்பிடுவேன்."

நான் போகாமல் இருப்பேனா? அவளுடைய அம்மாவும் கூட வந்தார். என் அத்தைக்குக் கார் என்றாலே குமட்டும். முன் சீட்டில் உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தால்தான் தாங்குவார். ஆகவே அத்தை முன்னால். நான் பின்னால், என் மனைவிக்கு நேர் பின்னே, வலது ஜன்னல் ஓரம். மடியில் அவளுடைய சான்றிதழ் உறை.

அந்த விடிகாலையை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்கிறது. ரப்பர் மரங்களுக்கு நடுவே பனி இறங்கிக் கிடந்தது. பால்வெட்டுக்காரர்கள் வாளியோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் நீலக்கரைச் சேலை கட்டி, தலையைப் படிய வாரி, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முப்பது மைல் வேகத்தில் சீராக ஓட்டினாள். நான் மட்டும் சும்மா இருந்திருந்தால் அது ஒரு சுற்றுலாவாகவே இருந்திருக்கும்.

சும்மா இருக்கவில்லை. செங் என்ற ஊரைத் தாண்டுவதற்குள் இரண்டு சைக்கிள்காரர்களையும் ஒரு மாட்டு வண்டியையும் ஜன்னல் வழியாகத் திட்டி முடித்திருந்தேன். அலோர் காஜாவில் ஒரு பஸ்சை. "கியரை மாத்து," "ஓரமாப் போ," "அவன் வரான் பாரு" என்று அவளுக்கு உபதேசம் வேறு.

"மாப்பிள்ளை, எனக்கு இந்த எலுமிச்சம்பழம் போதல. உங்க பேச்சுல தலை சுத்துது" என்றார் அத்தை.

சிம்பாங் அம்பாட்டைக் கடந்ததும் பின்னால் ஒரு லாரி வந்து ஒட்டிக்கொண்டது. பெரிய பெரிய மரங்களைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. ரோடு அந்த இடத்தில் வளைந்து வளைந்து போகும். அவள் வேகத்தைக் கூட்டவில்லை. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடித்தார். அவளுக்கு அது காதிலேயே விழாத மாதிரி இருந்தது. எனக்கோ உச்சந்தலையில் ஆணி அடிப்பது போல இருந்தது.

"அவனுக்கு வழி விடேன்."

"வளைவு தெரியலைங்க. நேரான ரோடு வரட்டும், நானே கை காட்டி அனுப்புறேன்."

மூன்றாவது ஹாரன் அடித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. போய்த் தொலையட்டும் சனியன் என்று வலது ஜன்னலில் கையை நன்றாக வெளியே விட்டு, புத்தகத்தில் போட்டிருந்தபடியே, பின்னாலிருந்து முன்னால் இரண்டு தடவை வீசினேன். எதிரே ரோடு காலி, தாண்டிப் போ.

எதிரே ரோடு காலியா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரிந்திருக்காது. முன்னால் அவள் தலை, அதற்குப் பக்கத்தில் அத்தையின் கொண்டை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மேலே உட்கார்ந்திருந்த லாரிக்காரருக்கோ காரின் வலப்பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது தெரிந்தது. அது டிரைவர் கையா, பின் சீட்டுக்காரன் கையா என்று அவர் எப்படிக் கண்டார்? லாரி வலப்பக்கம் ஏறி எங்களோடு சரிக்குச் சரியாக வந்துவிட்டது. அதே நேரம் வளைவுக்குள்ளிருந்து எதிரே ஒரு பஸ் வந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்ததை நான் பலருக்கும் சொல்லியிருக்கிறேன். கத்தவில்லை. கண்ணை மூடவில்லை. பிரேக்கை அழுத்திக்கொண்டே இடப்பக்கத்துப் புல்லில் இரண்டு சக்கரத்தை இறக்கினாள். கார் ஒரு பக்கம் சாய்ந்து, சாக்கடைக்கு ஒரு சாண் தள்ளி ஓடி நின்றது. முன்னால் கிடைத்த அந்த இடத்தில் லாரி உள்ளே நுழைந்துவிட்டது. பஸ் உராயாமல் போய்விட்டது. ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. அத்தையின் எலுமிச்சம்பழம் மட்டும் உருண்டு எங்கேயோ போய்விட்டது.

லாரியை நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கி வந்தார். நடுவயதுச் சீனர். அவள் ஜன்னலருகே குனிந்து மலாயில் கேட்டார், "நீங்கதானே போகச் சொல்லிக் கை காட்டினீங்க?"

"என் ரெண்டு கையும் இங்கதான் இருந்திச்சு" என்று மலாயிலேயே சொல்லி, ஸ்டீயரிங்கைக் காட்டினாள்.

அப்போதுதான் இரண்டு பேரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். அத்தையும் பார்த்தார். என் கை இன்னும் ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. உள்ளே இழுக்கவும் மறந்துபோயிருந்தேன்.

லாரிக்காரர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளைப் பார்த்து, "நல்லா ஓட்டுறீங்க, அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் காரைப் புல்லிலிருந்து மேலே ஏற்றினாள். கெண்டோங் ஊர் வந்தது. அங்கே ரோட்டோரம் ஒரு கோப்பிக் கடை. அவள் முறையாகக் கையை அசைத்து, வேகத்தைக் குறைத்து, கடை வாசலில் நிறுத்தினாள். பசியாறுவதற்கு என்று நினைத்தேன்.

"இறங்குங்க" என்றாள்.

"நீங்க ரெண்டு பேரும் இறங்கல?" என்றேன்.

"எனக்கு ஒன்பதரை மணிக்குப் பேரு கூப்பிடுவாங்க. இன்னும் இருபது மைலுக்கு மேல இருக்கு. எனக்கு இந்த ரோட்டைப் பாத்துப் பயமில்லைங்க. லாரியைப் பாத்தும் பயமில்லை. உங்க கையைப் பாத்தாத்தான் பயமா இருக்கு. இங்கேயே கோப்பி குடிச்சிக்கிட்டு இருங்க. வரும்போது கூட்டிக்கிறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. புருஷனை ரோட்டில் இறக்கிவிடுகிற பெண்டாட்டியை எந்த ஊரில் கண்டது? "அத்தை, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றேன்.

அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்தார். "பேப்பர் வாங்கிப் படிங்க, மாப்பிள்ளை. நேரம் போயிடும்" என்று சொல்லிக் கையை நீட்டினார். சான்றிதழ் உறை என் கையில்தான் இருந்தது. கொடுத்தேன். வேறென்ன செய்ய? கார் போய் வளைவில் மறைந்தது. மணி எட்டுகூட ஆகவில்லை.

முதல் அரை மணி நேரம் அவளைத்தான் மனசுக்குள் ஏசிக்கொண்டிருந்தேன். இரண்டாவது கோப்பி வந்தபோது கோபம் போய்ப் பயம் வந்தது. தனியாக ஓட்டுகிறாளே என்ற பயம் முதலில். பிறகு, அந்தப் பதற்றத்தில் போய் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்ல வராமல் போய்விட்டால் என்ற பயம். முந்திய வருஷம் பஸ். இந்த வருஷம் கை. இரண்டு தடவையும் அவள் வழியில் மறித்து நின்றது லாரியோ மாட்டு வண்டியோ இல்லை, நான்தான். அப்படித் தோன்றியதும் கையில் எடுத்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அப்போது சிரம்பான் பஸ் வந்து கடைக்கு முன்னால் நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "சிரம்பானா? ஏறுங்க" என்றார். நான் எழுந்தே விட்டேன். ஒரு கால் படியில். ஒன்பதரைக்குப் போய்ச் சேர முடியாது, ஆனால் வாசலில் நிற்கலாம், என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளலாம், நான் இல்லாமல் அவளால் முடியுமா என்று பார்க்கலாம். அந்தக் கடைசி நினைப்பு எனக்கே காதில் விழுந்த மாதிரி இருந்தது. காலை எடுத்துக்கொண்டேன். "இல்லைங்க, ஒரு ஆளுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன். பஸ் போய்விட்டது.

அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, எங்கேயும் போகிற அவசரமில்லாமல் ஒரு ரோட்டைப் பார்த்தேன். எத்தனை கைகள். கரியேறிய கைகள், சிகரெட் பிடித்த கைகள், வளையல் போட்ட ஒரு மலாய்க்காரப் பெண்ணின் கை. நான் திரும்புகிறேன், நீ போ, கொஞ்சம் பொறு என்று முன்பின் தெரியாத மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனார்கள். இங்கேயும் வாத்துகள் இருந்தன. பத்துப் பதினைந்து வாத்துகள் ரோட்டைக் கடக்க, மூன்று லாரியும் ஒரு பஸ்சும் நின்றன. முதல் லாரிக்காரர் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே இன்னொரு கோப்பி கொண்டுவந்து வைத்தார்.

மத்தியானம் ஒரு மணிக்குமேல் சிரம்பான் பக்கமிருந்து எங்கள் கார் வந்தது. தூரத்திலேயே வலது ஜன்னலில் அவள் கை நீண்டது. நேராக, அசையாமல், புத்தகத்தில் போட்டிருந்த படத்தைவிட அழகாக. எதிரே வந்த லாரி போகும்வரை பொறுத்து, ரோட்டைக் கடந்து கடை வாசலுக்குள் வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. நேர்காணலில் உட்கார்ந்த முகத்தை இன்னும் கழற்றி வைக்கவில்லை போலிருந்தது.

அத்தை முன் கதவைத் திறந்து இறங்கினார். "நீங்க முன்னாடி ஏறுங்க, மாப்பிள்ளை. நான் பின்னால உக்காந்துக்குறேன்."

"உங்களுக்குக் குமட்டுமே, அத்தை."

"குமட்டினா குமட்டட்டும். உயிரோட வீடு போய்ச் சேருவோம்ல."

ஏறினேன். கெண்டோங்கை விட்டு ஒரு மைல் வந்தபின்தான் கேட்டேன், "என்னம்மா ஆச்சு?"

"எடுத்துக்கிட்டாங்க. கடுதாசி வருமாம். ஆனா அங்கேயே சொல்லிட்டாங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வேலை கிடைத்த அன்றுகூட இப்படி இருந்ததில்லை. பின்னாலிருந்து அத்தையின் கை என் தோளில் ஒரு தட்டுத் தட்டியது.

"என்ன கேட்டாங்க?"

"பாடம் எல்லாம் கேட்டாங்க. கடைசியா, தூரத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல போட்டா எப்படிப் போவீங்கன்னாங்க. நானே கார் ஓட்டிக்கிட்டுப் போவேன், இன்னிக்கும் மலாக்காவுல இருந்து அப்படித்தான் வந்தேன்னு சொன்னேன். ஒருத்தர் நம்பவே இல்லை. உங்க வீட்டுக்காரர் இதுக்கெல்லாம் விடுவாரான்னு கேட்டாரு."

எனக்குத் திக்கென்றது. நடு ரோட்டில் கையை வீசியதும், கோப்பிக் கடையில் இறக்கிவிடப்பட்டதும் அத்தனை பேர் முன்னால் போய்விட்டதே என்று நினைத்தேன். போனாலும் நியாயம்தான். "நீ என்ன சொன்ன?" என்றேன்.

"வர்ற வழியில ஒரு கோப்பிக் கடையில எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு, முடிச்சிட்டுப் போய்க் கூட்டிக்கணும்னு சொன்னேன்." ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் லேசாகச் சிரித்தாள். "எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அப்படின்னா சீக்கிரம் போங்கம்மா, பாவம்னாங்க."

இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று காலை அந்த பஸ்சில் ஏறியிருந்தால், அவள் என்னைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு நல்ல வார்த்தையும் பொய்யாகியிருக்கும்.